இரண்டு இருக்கை வண்டிக்கு இரண்டு வருட வாரண்டி

அம்மா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் என்ன கார் வாங்குவது என்பதை அம்மாவின் முழங்கால்கள்தான் முடிவு செய்தன. இருக்கை தாழ்வாக இருந்தால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியாது. உயரமாக இருந்தால் ஏற முடியாது. ஷோரூமுக்கு அம்மாவையே கூட்டிப் போய், ஒவ்வொரு வண்டியிலும் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்து வாங்கிய சின்னக் காரைப் பதினோரு வருடம் ஓட்டினேன். வீட்டிலிருந்து காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. மாதம் ஒரு முறை எலும்பு டாக்டரிடம்.

அம்மா போன இரண்டாவது வருடம், ஒரு முற்பகல், அடுத்த நோயாளி வரத் தாமதமானபோது கம்ப்யூட்டரில் கார் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கண் நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்விடும். தரையை ஒட்டிக் கிடந்தது வண்டி. ‘இதில் அம்மாவால் ஏற முடியாதே’ என்று பழக்கத்தில் நினைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. இனி யாருடைய முழங்காலையும் நான் யோசிக்க வேண்டியதில்லை. அன்று மாலை வரை அந்த நினைப்பு கூடவே இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, மூன்று வருடத்தில் முடிந்து, அதுவும் பழைய கதையாகியிருந்தது. என் வேலையில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பார்கள். வலி நின்றதும் எழுந்து போய்விடுவார்கள். ஒருவரோடு உட்கார்ந்து பேசி நாளாகிவிட்டது என்பது எப்போதாவது திடீரென்று தெரியும், ஏதோ ஒரு பொருளை எங்கோ வைத்துவிட்டது மாதிரி.

அண்ணன் பத்து நிமிடத் தூரத்தில்தான் இருக்கிறார். பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்துக்குச் சந்தித்துக்கொள்வோம். கார் விஷயத்தைச் சொல்லக் கடைக்குப் போனேன். படத்தைப் போனில் காட்டினேன்.

“இன்னாமா இது, ரெண்டு சீட்டுதான் இருக்குது? பசங்கள எங்க உக்கார வைப்பே?” என்றார்.

“எந்தப் பசங்கள?”

அண்ணன் விழித்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்ச் சென்னையில் இருக்கிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. “இல்லம்மா, பொதுவா சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் பிரித்துப் போட்டிருந்த புடவையை மடிக்க ஆரம்பித்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

புது வண்டி வாங்குகிற வசதி எனக்கு இல்லை. செகண்ட் ஹேண்ட்தான். அதில் இரண்டு வழி உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்று, கம்பெனியே பழைய வண்டிகளைத் திரும்ப வாங்கி, சோதித்து, சான்றிதழ் போட்டு விற்கும் ‘சர்டிஃபைடு’ வண்டி. விலை கூடுதல். ஆனால் வாரண்டி வரும், கூடுதலாகப் பணம் கட்டினால் அதை இன்னும் நீட்டிக்கலாம். மற்றொன்று, சொந்தக்காரரிடமிருந்து நேரடியாக வாங்குவது. விலை குறைவு. அப்புறம் நம் பாடு.

சென்னை ஷோரூமில் அந்த மாடல் வெள்ளை நிறத்தில் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தேன். விற்பனையைக் கவனித்தவர் என் வயதை ஒட்டிய பெண்மணி. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு முன் வேறு இடத்தில், “சார் எப்ப வருவார் மேடம்?” என்று கேட்டிருந்தார்கள். இவர் அப்படிக் கேட்கவில்லை. சோதனைத் தாளை என் முன் வைத்தார். பக்கம் பக்கமாகக் கட்டங்கள், எல்லாவற்றிலும் டிக்.

“இதுல செக் பண்ணாதது எது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இந்தக் கேள்விய யாருமே கேக்க மாட்டாங்க மேடம். இன்னிக்கு வண்டி எப்படி இருக்குதுன்னுதான் இந்தத் தாள் சொல்லும். நாளைக்கு எப்படி இருக்கும்னு சொல்லாது. அதுக்குத்தான் வாரண்டி.”

வாரண்டிப் புத்தகத்தை வாங்கி வந்து வீட்டில் வரி விடாமல் படித்தேன். என்னென்ன சேரும் என்பது ஒன்றரைப் பக்கம். என்னென்ன சேராது என்பது நான்கு பக்கம். டயர் சேராது, பிரேக் பேட் சேராது, மடியும் கூரையின் துணி சேராது. தண்ணீர் புகுந்தால் சேராது. தேய்மானம் எதுவானாலும் சேராது. வெளி மெக்கானிக் கை வைத்தால் மொத்தமும் ரத்து. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும். வழியில் நின்றுவிட்டால் வந்து தூக்கிப் போவார்கள். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டு, அந்தப் பெண்மணிக்குப் போன் செய்து கேட்டேன். நான்காவது தடவை போன் செய்தபோது, கேள்வி நிஜமாகவே எனக்குத் தேவைப்பட்டதா, பேச ஒரு காரணம் தேவைப்பட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, நெற்றியில் திருமண். கடைவாய்ப் பல்லில் போட்டிருந்த உறை கழன்று விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதை ஒட்டிய சிமென்ட் காயட்டும் என்று அவரை உட்காரவைத்திருந்தேன். அவர் பார்வை என் கம்ப்யூட்டர் திரையில் நின்றது. அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்த வாயை அசைத்து, “இந்த வண்டி எங்காத்துல நிக்கறது” என்றார்.

நான் நம்பவில்லை.

“நிஜமா சொல்றேன், டாக்டர். ப்ளூ கலர். பையன் பெங்களூர்ல இருந்தப்போ வாங்கினான். இப்போ வெளிநாட்டுல இருக்கான். ‘வித்துடுப்பா’ன்னு சொல்லிண்டே இருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கோளேன்.”

போனேன். போகும்போது பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கையும் அழைத்துப் போனேன். வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். தார்ப்பாயை விலக்கியதும் உள்ளே அந்த நீல வண்டி, தூசி இல்லாமல் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்த் திரும்புவாராம். இன்ஷூரன்ஸ் வருடம் தவறாமல் கட்டியிருந்தார். மகன் பெங்களூரில் இருந்தவரை நடந்த சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் ஒரு ஃபைலில் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். கூரையை மடிக்கும் மோட்டார் பாதி வழியில் முனகியதைக் கேட்டு முகம் சுளித்தார்.

“எஞ்சினு நல்லாத்தான் இருக்குதும்மா. பெரியவரு நல்லா வச்சிக்கினு இருக்காரு. ஆனா நின்னுக்கினே இருந்த வண்டி. டயரு கல்லு மாதிரி ஆயிடுச்சு. கியர்பாக்ஸு எப்ப வேணா காலை வாரும், இல்ல பத்து வருசம் ஓடும். நான் கேரண்டி குடுக்க முடியாதும்மா.”

விலை, வெள்ளை வண்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பெரியவர் எங்களை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

“ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கோ” என்றார்.

“உங்களுக்கு ரிப்பேர் தெரியுமா?”

“தெரியாது. ஆனா வருவேன்.”

மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை.

கிளினிக் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். அந்த நேரத்தில், மருந்துச் சீட்டுத் தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் நீலம் என்று எழுதினேன். மூன்று மதியங்கள் எழுதினேன். விலையும் பராமரிப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகவே நின்றன. கடைசியில் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒன்று. வீட்டில் இன்னொருவர் இருந்தால், வண்டி நின்றுபோனால் ‘நீ இரு, நான் பாத்துக்கறேன்’ என்று ஒரு குரல் வரும். எனக்கு அந்தக் குரல் இல்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் உண்டு. வெள்ளை வண்டியையே எடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டிக்கப் பணமும் கட்டினேன்.

பெரியவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. “சரியாத்தான் யோசிச்சிருக்கேள்” என்றார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். அது இல்லை. பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டவர் போலத்தான் இருந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு நேராக ஷெட்டுப் பக்கம் போனார்.

வண்டியை வாங்கப் போன நாளில் ஷோரூமில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். போட்டோ எடுப்பவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். “ஃபேமிலி வராங்களா மேடம்?” என்றார். விற்பனைப் பெண்மணி சட்டென்று புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “எடுப்பா” என்றார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. பார்ப்பவர்கள் அக்கா தங்கை என்று நினைப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியபோது முதுகை யாரோ பின்னுக்குத் தள்ளியது போல இருந்தது. வாய்விட்டுக் கத்தினேன். கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. அந்த ஒரு மணி நேரச் சந்தோஷம் முழுசாக என்னுடையது, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஊருக்குள் நுழைந்த பிறகு முதல் வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசியது. என் தெருவில் திருப்பியபோது நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். இறங்கி, பூட்டி, மாடிக்குப் போய், காபி போட்டு, ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். அவ்வளவுதான் அன்றைய கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெளியே போக ஆரம்பித்தேன். தென்னேரிக் கரை வரை, இல்லாவிட்டால் தாமல் ஏரி வரை. டீக்கடைக்காரர் குனிந்து ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டுவார். பக்கத்து இருக்கையில் கைப்பை இருக்கும். கைப்பையின் கனத்தை ஆள் என்று எடுத்துக்கொண்டு, சீட் பெல்ட் போடச் சொல்லி வண்டி விடாமல் மணி அடித்தது. இரண்டாவது வாரத்திலிருந்து கைப்பைக்குப் பெல்ட் மாட்டிவிட்டேன்.

ஐந்தாவது மாதம், தாமல் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய சாலையில், திரையில் மஞ்சள் நிறத்தில் கியர் படம் ஒன்று வந்தது. இரண்டு நிமிடத்தில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. தள்ளி ஓரம்கட்ட வயலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் உதவினார்கள். வாரண்டிப் புத்தகத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். எங்கோ வேறு ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“நீங்க நிக்கற இடம் சேஃபா மேடம்?”

“ஆமா.”

“தனியா இருக்கீங்களா?”

அது படிவத்தில் இருக்கும் கேள்வி. அவள் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், அதற்காகக் கேட்டாள். ஆனால் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. “மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்று மறுபடி கேட்டாள். “ஆமா, தனியாதான்” என்றேன். வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. முகூர்த்த நாள். “கல்யாணத்துல மாட்டிக்கினேன்மா. கடையிலேருந்து ஆள அனுப்பட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எத்தனையோ பெயர்கள், பாதிக்கு மேல் நோயாளிகள். பெரியவரின் பெயர் வந்தபோது விரல் நின்றது. அவர் வண்டியை வேண்டாம் என்று சொன்னவள் நான். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று யோசித்தேன். கூப்பிட்டேன்.

“எங்க இருக்கேள்?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, தூரத்தில் அந்த நீல வண்டி மாட்டு வண்டி வேகத்தில் வந்தது. கூரை திறந்திருந்தது. உள்ளே திருமண் இட்ட நெற்றியும் வெள்ளைச் சட்டையுமாகப் பெரியவர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி. பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

“முப்பதைத் தாண்டலை” என்றார் இறங்கி. “கூரையை சும்மா தொறந்து பாத்தேன், மூட மாட்டேங்கறது.”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தூக்குப் பாத்திரத்தில் தயிர் சாதம் கொண்டுவந்திருந்தார், ஒரு கறுப்புக் குடையும். புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகனைப் பற்றிச் சொன்னார். வாரா வாரம் வண்டி விற்றதா என்று கேட்பானாம்.

“ஆள் வந்து பாத்துண்டிருக்கான்னு சொல்லிடுவேன். மூணு பேர் வந்தா. விலையை ஏத்தி ஏத்திச் சொல்லி அனுப்பிட்டேன். அது போயிடுத்துன்னா சனிக்கிழமை நான் என்ன பண்றது?”

“எங்கிட்ட மட்டும் ஏன் கம்மியா சொன்னீங்க?”

“உங்க கிளினிக் பக்கத்துலதானே இருக்கு. கண்ணுல பட்டுண்டே இருக்கும்னு நினைச்சேன்.”

வெள்ளை வண்டியைத் தூக்கிப் போக லாரி வந்தது. ஓட்டுநர் சங்கிலி மாட்டிவிட்டு, “கூட யார்னா வர்றாங்களா மேடம்?” என்று கேட்டார். “அவா என்னோட வரா” என்றார் பெரியவர். அவருடைய வண்டியில், குடையை விரித்துப் பிடித்தபடி, முப்பதைத் தாண்டாமல் ஊர் வந்து சேர்ந்தேன். ஊரே பார்த்தது.

வாரண்டிக்காரர்கள் முதலில் இது தேய்மானம், சேராது என்று எழுதினார்கள். நான் கோடு போட்டுவைத்திருந்த பக்கத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். விற்பனைப் பெண்மணியும் உள்ளுக்குள் பேசினார். ஏழு வாரம் இழுத்து, கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதியை மொத்தமாக மாற்றித் தந்தார்கள். அதன் விலையைப் பில்லில் பார்த்தபோது, கையிலிருந்து கொடுக்க நேர்ந்திருந்தால் வண்டியை விற்றிருப்பேன் என்று தெரிந்தது. என் கணக்கு தப்பவில்லை. டிக் போட்ட தாளில் கியர்பாக்ஸுக்கும் டிக் இருந்தது என்பதையும் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமை காலையில் பெரியவர் போன் செய்வார். “ஸ்டார்ட் பண்ணிட்டேன்” என்பார். “நானும்” என்பேன். சில நேரம் அதோடு முடிந்துவிடும். சில நேரம் அவர் தென்னேரி வரை என் வண்டியில் வருவார். அதிகம் பேச மாட்டார். ஆனாலும் கைப்பையைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு மகன் வந்தார். அப்பாவைத் தனியாக விட முடியாது, கூட்டிப் போகிறேன் என்றார். நல்ல மகன். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நீல வண்டியை ஒரு கம்பெனி வந்து எடுத்துக்கொண்டு போனது. சோதித்து, சான்றிதழ் போட்டு விற்பார்களாம்.

கிளம்பும் நாளில் பெட்டிகளுக்காக மகன் பெரிய டாக்ஸி அமர்த்தியிருந்தார். பெரியவர் அதில் ஏறவில்லை. “நான் டாக்டரோட வரேன்” என்றார். ஏனாத்தூர் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்ததும், “தொறக்கலாமா?” என்று கேட்டார். கூரையைத் திறந்தேன். வெயில். அவர் கையை ஜன்னல் மேல் வைத்துக்கொண்டு வந்தார். டாக்ஸி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் முந்தவில்லை.

விமான நிலைய வாசலில் இறங்கி, “சனிக்கிழமை போன் பண்றேன்” என்றார். மூன்று சனிக்கிழமை செய்தார். அங்கே அப்போது என்ன நேரம் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்புறம் அந்த அழைப்பு நின்றுபோனது. நானும் கூப்பிடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது சுங்கச்சாவடி அருகே லாரிப் புழுதி தாங்க முடியாமல் கூரையை மூடினேன். ஐந்து மணிக்குக் கிளினிக்கைத் திறக்க வேண்டும். சரியாக வந்து சேர்ந்தேன். வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு வேர் சிகிச்சை, ஒருவருக்குப் பல் எடுக்க வேண்டும். கை கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு, முதலாமவரை வாயைத் திறக்கச் சொன்னேன்.